பட்டை யார் கையில் இருந்தது?

நாங்கள் செய்தது திருட்டுத்தனம்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதிக் கதையில் நீங்கள் என்னைப் பார்த்து 'அடிப்பாவி' என்று வாயைப் பிளக்க வேண்டியதில்லை பாருங்கள்.

என் பெயர் சாந்தாமணி. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனுக்குச் சூப்பர்வைசர். தைத்து வருகிற துணியில் எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே எண்ணெய்க் கறை என்று கண்டுபிடிப்பதுதான் இருபத்தாறு வருஷமாக என் பிழைப்பு. அடுத்தவர் தப்பைப் பார்த்துப் பார்த்து வாய் கொஞ்சம் நீளம். வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் ஒன்று நடந்தது, இரண்டு வருஷத்தில் முறிந்தது, பிள்ளை குட்டி இல்லை. எனக்கு இருப்பதெல்லாம் தங்கச்சி வாணிதான். அவளுக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டாள், அன்றிலிருந்து தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான். இன்றைக்கும் லைன் வீட்டில் அவளுக்கு ஒரு போர்ஷன், பக்கத்துப் போர்ஷன் எனக்கு. அவள் புருஷன் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரே மகள் நிவேதிகா, எங்களுக்கு நிவி, எட்டாவது படிக்கிறாள்.

வாணிக்கு இரண்டு கிட்னியும் போய் மூன்று வருஷமாகிறது. செவ்வாய், வியாழன், சனி கோயமுத்தூருக்குப் போய் டயாலிசிஸ். நான் கொடுக்கிறேன் என்று போய் நின்றேன். சர்க்கரை வியாதிக்காரி கிட்னி வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் வளர்ப்புக் கிட்னி வந்தது. தொட்டியில் வைத்து வளர்ப்பது, யார் உடம்புக்கும் பொருந்தும். ஆனால் மாதத்துக்கு ஐந்துதான் விளையும், காத்திருப்பவர்களோ ஆயிரக்கணக்கில். யாருக்குக் கொடுப்பது? சிபாரிசு, செல்வாக்கு எதுவும் நுழையக் கூடாது என்று முடிவை ஒரு மிஷின் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கையில் ஒரு பட்டையைக் கட்டிவிடுவார்கள். ஆறு மாதம் அது கையிலேயே இருக்க வேண்டும், வேறு யார் கைக்காவது போனது தெரிந்தால் மூன்று வருஷத்துக்குப் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடுவார்கள். எவ்வளவு நடக்கிறாள், எப்படித் தூங்குகிறாள், நாடி எப்படி ஓடுகிறது என்று எல்லாவற்றையும் அது மிஷினுக்கு அனுப்பும். மிஷின் மார்க் போடும். எண்பது வந்தால் கிட்னி. 'கொடுக்கிற கிட்னியை ஒழுங்காக வைத்துக்கொள்கிற உடம்பா' என்று பார்க்கிறதாம்.

முதல் வாரம் வாணிக்கு நாற்பத்தொன்று வந்தது. பின்னே? டயாலிசிஸ் முடிந்து வருகிறவள் பிழிந்துபோட்ட துணி மாதிரி கிடப்பாள். அவள் எங்கே போய் எட்டாயிரம் அடி நடப்பாள்? நான் செக்கிங் டேபிள்களைச் சுற்றிச் சுற்றி ஒரு நாளைக்குப் பதினாலாயிரம் அடி நடக்கிறேன், அத்தனையும் வீண். குளிப்பதற்காகப் பட்டையைப் பத்து நிமிஷம் கழற்றலாம் என்று விதி இருந்தது. அந்தப் பத்து நிமிஷத்தில் அது என் கைக்கு வந்தது. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் காலை எட்டு மணிக்கு வாங்கிக் கட்டிக்கொள்வேன், சாயங்காலம் ஏழு மணிக்குத் திருப்பிக் கொடுப்பேன். எங்கள் வீட்டில் குடை, செருப்பு, சார்ஜர் எதுவும் இன்னாருடையது என்று கிடையாது. பட்டையும் அப்படித்தான் ஆனது. பொய் சொல்கிற மாதிரியே தெரியவில்லை, சத்தியமாக.

ஆறு மாதம் முடிந்த வியாழக்கிழமை, டயாலிசிஸ் முடிந்ததும் டாக்டர் சிபிச்சக்கரவர்த்தி எங்களை உள்ளே கூப்பிட்டார். நல்ல மனுஷர், சிடுசிடுக்க மாட்டார். அன்றைக்கு மேஜையில் இருந்த பேனாவைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"மார்க் எண்பத்தேழுங்க வாணி. ரொம்ப நல்ல மார்க்."

வாணி என் கையைப் பிடித்தாள்.

"ஆனா மிஷின் வேண்டாம்னு எழுதிருச்சு."

"ஏனுங்க டாக்டர்?" என்றேன்.

"நெஞ்சுல ஒரு கோளாறுன்னு சொல்லுது. நம்ம நெஞ்சு கரண்ட்ல ஓடுறதுங்க்கா. அந்தக் கரண்ட் திடீர்னு தாறுமாறா ஆயிடுது. துடிக்காம சும்மா படபடன்னு நடுங்குது. கொஞ்ச நேரத்துல தானாச் சரியாயிடுது. ஆறு மாசத்துல நாலு தடவை இப்படிப் பதிவாயிருக்குது. ஒவ்வொரு தடவையும் முந்தினதை விட நீளம். ஒரு நாள் திரும்பி வராது. இந்த நெஞ்சு ஒரு வருசம் தாங்காது, அந்த உடம்புக்குக் கிட்னி வெச்சா வீண்னு மிஷின் கணக்குப் போட்டிருக்குது."

பட்டை என் கையில் அல்லவா இருந்தது! நெஞ்சு என்றால் என் நெஞ்சு. ஒரு வருஷம் என்றால் எனக்கு ஒரு வருஷம். அந்த நிமிஷமே நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. இது பயமா, இல்லை அவர் சொன்ன அதுதானா என்று தெரியாமல் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுல ஒரு வழி இருக்குது," என்றார் டாக்டர். "போன வாரம் வாணிக்கு நானே எல்லா டெஸ்டும் எடுத்துப் பாத்துட்டேன். நெஞ்சு சுத்தமா இருக்குது. அதனால பட்டையிலதான் கோளாறுன்னு நான் நெனைக்கறேன். கருவிப் பிழைன்னு ஒரு பேப்பர் இருக்குது. அதுல நீங்க கையெழுத்துப் போட்டா அந்த நாலு பதிவையும் அழிச்சிருவோம். மிஷின் மறுபடி கணக்குப் போடும். திங்கக்கிழமை ஆபரேசன்."

"அழிச்சா அழிச்சதுதானுங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க்கா, திரும்ப எடுக்க முடியாது. இந்தாங்க, மிஷின் குடுத்த அறிக்கை. வீட்ல வெச்சு நிதானமாப் படிங்க. சனிக்கிழமை டயாலிசிஸுக்கு வரும்போது கையெழுத்துப் போட்டாப் போதும்."

பஸ்ஸில் வாணி வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். மூன்று வருஷமாக ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அவளுக்கு. "அக்கா, ஆபரேசன் முடிஞ்சதும் ஒரு சொம்பு தண்ணி. நிக்காம, மடக்கு மடக்குன்னு. நீ பக்கத்துல நின்னு பாக்கோணும்."

"பாக்கறேன் புள்ள," என்றேன். சிரித்தேன்கூட. பார்க்க நான் இருப்பேனா? அவளிடம் சொன்னால் கையெழுத்துப் போட மாட்டாள், அது எனக்குத் தெரியும். திங்கட்கிழமை தாண்டட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். என் வாய் மூடிக்கொண்டதே அதிசயம். வாணிகூட "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு இதய டாக்டரம்மாவிடம் போனேன். ஈசிஜி எடுத்தார்கள், டிரெட்மில்லில் ஏற்றி நடக்கவிட்டார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். நான் கண்ணை மூடி எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன்.

"நல்லாத்தானே இருக்கீங்க," என்றார் டாக்டரம்மா. "சர்க்கரையை மட்டும் குறைங்க."

நம்பிக்கை வரவில்லை. எனக்குப் புரியாத இங்கிலீஷில் இருந்த மிஷின் அறிக்கையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். "இதுவும் என்ற நெஞ்சைப் பத்தினதுதானுங்க. இதைக் கொஞ்சம் பாருங்க."

அந்த அம்மா படித்தார். திரும்ப முதலிலிருந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்க நைட் ஷிப்ட் போறீங்களா?"

"இல்லீங்களே."

"இந்த நாலுமே விடியக்காலம் மூணு மணி, மூணரை மணிக்கு வந்திருக்கு. ஆழ்ந்த தூக்கத்துல வர்ற வகை இது. முழிச்சிருக்கும்போது ஈசிஜி எடுத்தா ஒண்ணுமே தெரியாது. அப்பா அம்மா வழியா வரும். அதோட..." அவர் தாளில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். "நாற்பத்தெட்டு வயசுக்காரி நாடி ராத்திரியில இப்படி ஓடாதும்மா. இது சின்ன வயசு நாடி. யாரோடது இது?"

சாயங்காலம் ஏழு மணிக்கு நான் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடுவேனே! எனக்கு இல்லை. எனக்கு இல்லவே இல்லை. அந்த அம்மா கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லாமல் வெளியே வந்து, ஒரு டீயும் இரண்டு பருப்பு வடையும் வாங்கி நின்றபடியே தின்றேன். வெட்கங்கெட்ட சந்தோஷம். இரண்டாவது வடை பாதியில் இருக்கும்போதுதான் அந்த அம்மா கடைசியாகக் கேட்ட கேள்வி உறைத்தது. யாரோடது இது? வாணிக்கு நாற்பது வயது. அவள் நெஞ்சு சுத்தம் என்று டாக்டரே சொல்லியாகிவிட்டது. வடையைக் கீழே போட்டுவிட்டு ஆட்டோவை நிறுத்தினேன்.

வாணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிவி பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்து, உள்ளே பையைக் கவிழ்த்து எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள வாணி, ராத்திரியில பட்டை உன்ற கையிலதானே இருக்குது?"

அவள் நிமிரவில்லை. மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள்.

"வாணி, உன்னைத்தான் கேக்கறேன்."

"எனக்கு எங்கக்கா தூக்கம் வருது?" என்றாள் மெல்ல. "படுத்தாக் காலு ரெண்டும் குடையுது. உருண்டு உருண்டு விடிஞ்சிருது. நீ பகலெல்லாம் நடந்து சேத்த மார்க்கை நான் ராத்திரியில தொலைச்சிட்டு இருந்தேன். அதான் ரெண்டாவது மாசத்துல இருந்து..."

"இருந்து?"

"நிவி கையில கட்டிவிட்டேன். அவதான் படுத்தா இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டா. தூக்கத்துக்கு நூத்துக்கு நூறு வந்துச்சுக்கா. ஏன்? கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"பெரிம்மா, என்ற ஜாமெட்ரி பாக்ஸ் பாத்தீங்களா?" என்று உள்ளேயிருந்து நிவி கத்தினாள்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. டாக்டரம்மா சொன்னதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். விடியற்காலை மூன்று மணி. சின்ன வயது நாடி. அப்பா அம்மா வழியாக வருவது. கடைசியைச் சொல்லும்போது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது புரிந்தது. நிவியின் அப்பா முப்பத்தாறு வயதில், ஒரு நோய் நொடி இல்லாமல், ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. நோகாமல் போய்விட்டார், புண்ணியவான் என்று தெருவே பேசியது. நாங்களும் அப்படித்தான் எங்களைத் தேற்றிக்கொண்டோம்.

வாணி எழுந்து உள்ளே போனாள். நிவியின் முதுகில் கையை வைத்தாள். "என்னம்மா, விடு," என்று அவள் நெளிந்தாள். வாணி கையை எடுக்கவில்லை, துடிப்பைக் கையால் எண்ணிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். திரும்பி வந்தவள் முகத்தில் ரத்தமே இல்லை.

இப்போது நான் சொல்லப்போவதுதான் எனக்கு அவமானமான பகுதி. ஆனாலும் சொல்கிறேன்.

"நாளைக்கு நீ கையெழுத்துப் போட்டுரு," என்றேன். "திங்கக்கிழமை உனக்கு ஆபரேசன் முடியட்டும். நிவியை நான் தனியா எங்காச்சும் கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்."

"என்னன்னு காட்டுவ? முழிச்சிருக்கறப்ப ஒண்ணுமே தெரியாதுன்னு நீதானே சொன்ன? அந்த நாலு பதிவு இல்லாம எந்த டாக்டர் புள்ள நெஞ்சுல கத்தி வெப்பாங்க?"

"புதுசா ஒரு பட்டை வாங்கிக் கட்டுவோம். மறுபடி வந்தாப் பதிவாகும்."

"மறுபடி வந்தாத் திரும்பி வருமாக்கா?"

பதில் இல்லாதபோது வாய் சும்மா இருக்க வேண்டும். என் வாய் இருக்கவில்லை.

"உண்மையைச் சொன்னா மூணு வருசத்துக்கு உன்ற பேரைத் தூக்கிருவாங்க புள்ள. உனக்கு ரெண்டு வருசம் தாண்டறதே கஷ்டம்னு டாக்டரு என்றகிட்டச் சொல்லியிருக்கறாரு. நிவிக்கு ஏதோ நூத்துல ஒண்ணா வரலாம், வராமலும் போலாம். நீ போயிட்டா எனக்கு ஆரு இருக்கறா, சொல்லு!"

சொல்லி முடித்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது. பக்கத்து அறையில் அந்தப் பிள்ளை ஏதோ சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. வாணி கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் தோளைத் தொட்டாள்.

"நீ என்னைப் பெத்தவளாட்டம் வளத்த. அதனால இப்படிக் கேக்கற. நான் அவளப் பெத்தவக்கா," என்றாள். பிறகு போனை எடுத்து டாக்டருக்கு அடித்தாள். "நாளைக்கு வரைக்கும் வேண்டாங்க டாக்டர். இப்பவே வர்றோம்."

கால் டாக்ஸியில் போனோம். அவினாசி தாண்டும்போது நிவி என் மடியில் சாய்ந்து கண்ணை மூடினாள். நான் அவளைக் கிள்ளி எழுப்பினேன். "என்ன பெரிம்மா, லூசா நீங்க?" என்று எரிந்து விழுந்தாள். லூசாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். கோயமுத்தூர் போய்ச் சேருகிற வரை அவளிடம் கதை கேட்டு, சண்டை போட்டு, பாட்டுப் பாடச் சொல்லி, தூங்கவிடாமல் கூட்டிப்போனேன். தூங்கினால் செத்துவிடுவாள் என்கிற பயத்தைச் சிரித்த முகத்தோடு மறைப்பது இருக்கிறதே, என் எதிரிக்கும் அது வர வேண்டாம்.

டாக்டர் அறையில் வாணி எல்லாவற்றையும் சொன்னாள். பகலில் நான், ராத்திரியில் நிவி, டயாலிசிஸ் நாள் பகலில் மட்டும் அவள். டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை நான் எழுதினா என்ன ஆகும்னு தெரியுமுங்களா? உங்க பேரு இன்னைக்கே போயிடும். எனக்கு அதை நிறுத்தற அதிகாரம் கெடையாது."

"தெரியுமுங்க. எழுதுங்க."

"வாணி, நல்லா யோசிச்சு..."

"யோசிச்சா எனக்கும் ஆசை வந்துருமுங்க டாக்டர். அதுக்குள்ள எழுதுங்க," என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

அவர் எழுதினார். பதிவுகளை நிவியின் பெயருக்கு மாற்றி, அவள் வயதையும் அப்பா இறந்த விதத்தையும் சேர்த்தார். திரையில் சிவப்பு வருவதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. உடனே அட்மிட் செய்யச் சொன்னது. இதயம் தடுமாறினால் உள்ளிருந்தே அதிர்ச்சி கொடுத்துத் திருப்புகிற சின்னக் கருவியை நெஞ்சில் பொருத்த வேண்டும் என்றது. கீழே இன்னொரு வரி வந்தது. வாணியின் பெயர் நீக்கப்பட்டது. அது வர அதைவிடக் குறைவான நேரம்தான் ஆனது.

"எனக்கு ஒண்ணுமில்ல, திங்கக்கிழமை மேத்ஸ் பரீட்சை இருக்குது," என்று அழுத நிவியை நர்ஸ் கூட்டிப்போனாள். கூடவே வாணியும் போனாள். நான் எழுந்தபோது டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"புள்ளைக்கு ஏதாச்சும்...?" என்றேன் பதறிப்போய்.

"இல்லீங்க்கா, புள்ளையைக் காப்பாத்திரலாம். நல்ல நேரத்துல வந்தீங்க." மறுபடி திரையைப் பார்த்தார். "இந்த ரெண்டு வருசத்துல கருவிப் பிழைன்னு பதினாலு பேருக்குக் கையெழுத்து வாங்கியிருக்கறேன். பேஷண்டை டெஸ்ட் பண்ணுவேன், சுத்தமா இருக்கும், பட்டை தப்புன்னு அழிச்சிருவேன். மிஷின் முட்டாள்னு நெனைச்சேன். ஒரு தடவைகூட, பட்டை வேற ஆரு கையிலயாவது இருந்துச்சான்னு கேக்கத் தோணலை."

"அந்தப் பதினாலுல என்னென்ன இருந்துச்சுங்க?"

"நெஞ்சு. மூச்சு. ஒண்ணு ரெண்டு மூளைக் கோளாறு. எல்லாத்தையும் என்ற கையாலயே அழிச்சேன்," என்றார். "எந்த வீட்ல, ஆருக்குன்னு இனி எனக்கு எப்படித் தெரியும்?"

ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு வீட்டில், அப்பாவுக்கோ அத்தைக்கோ உதவியாகப் பட்டையைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிய யாரோ ஒருவர். மிஷின் சரியாகத்தான் கண்டுபிடித்தது. நாம்தான் ஆள் மாற்றிக் கொடுத்தோம், அப்புறம் அதையும் அழித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நிவிக்குக் கருவி பொருத்தினார்கள். டாக்டர் பதினாலு வீட்டுக்கும் போன் செய்தார். நான்கு பேர் எடுக்கவில்லை. ஒன்பது பேர், பட்டையை நாங்கள்தான் கட்டியிருந்தோம், வேறு யாரும் தொடவே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். கிட்னி கிடைத்தவர்கள். திருப்பிக் கேட்டுவிடுவார்களோ, கேஸ் போடுவார்களோ என்று பயம். ஒரு வீட்டில் மட்டும் ஒரு அம்மா, ஆறு வார்த்தை கேட்பதற்குள், "என்ற பையன் போய் நாலு மாசமாச்சுங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

செவ்வாய்க்கிழமை வழக்கம்போல வாணிக்கு டயாலிசிஸ். அவளைப் படுக்க வைத்துவிட்டு நான் அந்த ஹாலைப் பார்த்தேன். இரண்டு வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொரு கையிலும் ஒரு பட்டை. டயாலிசிஸ் நாள் அல்லவா, அவரவர் பட்டை அவரவர் கையில்தான் இருக்கும். பக்கத்துக் கட்டிலில் ஆறுச்சாமி என்று ஒரு பெரியவர், பல்லடம் பக்கத்துக்காரர். அவருக்குக் கெடு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நிவிக்கு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"ராத்திரியில இதை ஆரு கட்டிக்கறாங்க?"

"நானேதானுங்க," என்றார் சட்டென்று.

நான் ஸ்டூலை விட்டு எழவில்லை. டயாலிசிஸ் மிஷினில் ரத்தம் போவதும் வருவதுமாக இருந்தது. அவர் நர்ஸ் இருக்கிற பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சொன்னாப் பேரை எடுத்துருவாங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். உண்மை வெளியே வருவதற்கு ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் என்னால் முடியவில்லை.

"எடுத்துருவாங்க," என்றேன்.

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

"அந்தப் புள்ளைக்கு இப்ப எப்படி இருக்குதுங்க?" என்று கேட்டார், திரும்பாமலே.

"நல்லா இருக்குதுங்க. தோசை வேணும்னு அடம் புடிச்சிட்டு இருக்குது."

"செரி," என்றார் ஆறுச்சாமி. "டாக்டரைக் கூப்பிடுங்க."